விளம்பரம் வரும் வரை

1

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் வாசல் கதவின் துவாரத்தால் ஒரு கடிதம் வந்து விழும். தொலைக்காட்சி உரிமம் கொடுக்கும் காரியாலயத்தின் கடிதம். இங்கிலாந்தில் டீவி பார்க்க உரிமம் வேண்டும் என்று ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "துவக்குக்குத்தானே லைசன் எடுப்பாங்க, டீவிக்குமா?" என்று எங்கள் லயத்துச் சூசை அண்ணன் சிரித்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், உண்மை அதுதான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த நாட்டுச் சேனலானாலும் சரி, ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் உரிமம் வேண்டும். நினைத்த நேரத்தில் நினைத்ததைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆகவே அந்தக் கடிதத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வீட்டில் யாராவது நேரலையாக டீவி பார்க்கிறீர்களா?

"இல்லனு போட்டு அனுப்பு ஸ்டெல்லா," என்றார் என் கணவர் ஜோசப். ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். ரயிலைத் தவிர வேறு எதற்கும் நேரம் பார்த்துப் பழகாதவர். "இங்க யாரு டயத்துக்கு ஒக்காந்து டீவி பாக்குறா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிரிக்கெட் முடிந்த பிறகு விக்கெட் விழுந்த இடங்களை மட்டும் போனில் பார்க்கிறவர் அவர். மகள் அனிதாவுக்குப் பதினான்கு வயது. மேல் அறையில், காதில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கொரியக் கதைக்குள் குடியிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் "போஸ் பண்ணிட்டு வாறேன்" என்று பதில் வரும். வருவது சோறு ஆறிய பிறகு. "அம்மா, நீங்க டீவி நேரத்துக்குப் போறீங்க. டீவிதான் உங்க நேரத்துக்கு வரணும்," என்று எனக்குப் புத்தி சொல்கிறவளும் அவள்தான்.

"நான் பாக்குறேன்," என்றேன் ஜோசப்பிடம். "ஆமானு போடுங்க."

இந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு வாதாடுவதில்லை.

2

என் அம்மா லூர்தம்மா நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷனில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார். கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். நான் கோவென்ட்ரிக்கு வந்த மறு வருடம் அப்பா போய்விட்டார். அப்போது என் விசா விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது, கடவுச்சீட்டும் அதோடு கிடந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அதிலிருந்து அம்மா தனி. லயத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு மண்மேடு, அதைத் தாங்கும் சுவரில் ஒரு வெடிப்பு. மழைக்காலம் முடிந்ததும் யாராவது வந்து வெடிப்பை அளந்து, "இங்கே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கே இருப்பது என்று யாரும் சொன்னதில்லை.

இங்கே கூட்டி வரப் பார்த்தேன். விசிட் விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவதற்குப் போதிய காரணம் அவருக்கு இல்லையாம். அதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். "அஞ்சு கோழி இருக்கு, ஏழரைக்குக் கத இருக்கு. இதுக்கு மேல என்னா காரணம் வேணும் அவனுகளுக்கு?"

கதை என்றால் ஏழரை மணித் தொடர். ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள், நோயாளியாகவே படுத்திருந்து எல்லோரையும் ஆட்டிவைக்கும் ஒரு பெரியப்பா. திங்கள் முதல் சனி வரை. கோடையில் அது எனக்குப் பிற்பகல் மூன்று மணி. நானும் இங்கே இலங்கைச் சேனல் வரும் ஒரு பெட்டியை வாங்கி, போனிலும் பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்து, அதே சேனலை அதே நேரத்தில் பார்க்க ஆரம்பித்தேன். கதைக்காக இல்லை. முதல் விளம்பரத்துக்காக.

முதல் விளம்பரம் போகும்போது அம்மா எனக்கு ரிங் கட் கொடுப்பார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ரிங் அடித்து வெட்டினால் சுகம். வெட்டிவிட்டு மறுபடியும் அடித்தால், கூப்பிடு என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும் என்று இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது இலவசமாகப் பேசலாமே அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். "பேச என்னா இருக்கு புள்ள? கத பாதியில நிக்குது," என்றார்.

அக்டோபரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து கதை எனக்கு இரண்டு மணிக்கு வரும். "நேரத்தையே நகட்டி வப்பாங்களா அந்த நாட்டுல? அப்ப மாட்டுக்கு யாரு சொல்றது, பால எப்ப குடுக்கணும்னு?" என்று கேட்டார் அம்மா.

நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றில். என் தேநீர் இடைவேளையைக் கோடைக்கு மூன்று மணி, குளிருக்கு இரண்டு மணி என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். "அது என்ன பிரார்த்தனை நேரமா?" என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டாள். ஆம் என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

3

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அம்மாவின் டிஷ் டீவி மழை வந்தால் நின்றுவிடும். இரத்தினபுரி மாவட்டத்தில் மழை வந்தால் என்று சொல்வதே வேடிக்கை. இரண்டு தடவை மழையால் படம் நின்று, ரிங் வராமல், இங்கே நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆகவே பெரிய டீவி ஒன்றும் இன்டர்நெட் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் இன்டர்நெட்டில் படம் பார்க்கக் காசு கட்டும் கணக்கிலேயே அம்மாவுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள் அனிதா. அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் பூனைப் படம்.

அம்மா தடுமாறுவார் என்று நினைத்தேன். இரண்டே நாளில் ரிமோட்டைப் பழகிவிட்டார். பழைய கதைகள், விட்டுப்போன பாகங்கள், எல்லாம் அந்தப் பூனைக்குள் கிடந்தன. "இனிமே எவனுக்காகவும் காத்துக் கெடக்கத் தேவல்ல," என்று பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் பெருமை அடித்தார். எனக்கும் பெருமைதான். புதுச்சேலை எடுத்துக் கொடுத்த மாதிரி ஒரு நிறைவோடு விமானம் ஏறினேன்.

கோவென்ட்ரிக்கு வந்த மறுநாள், மூன்று மணிக்கு, இடைவேளை அறையில் உட்கார்ந்தேன். கதை ஓடியது. விளம்பரம் வந்தது. ரிங் வரவில்லை. இரண்டாவது விளம்பரத்திலும் இல்லை. தேநீரைக் குடிக்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன்.

"என்னா புள்ள, பதறிப்போயி எடுக்கிற?"

"ரிங் குடுக்கலையேம்மா?"

"இதுலதான் வெளம்பரமே வாரதில்லையே. எப்ப குடுக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கதையைப் பகல் சோற்றுக்குப் பிறகு மூன்று பாகமாகச் சேர்த்துப் பார்த்துவிடுகிறாராம். சில நாள் விடியற்காலையிலேயே பார்க்கிறாராம். என்னைவிட ஒரு வாரம் பின்னால் இருந்தார், அல்லது ஒரு வருடம் பின்னால். கதையில் பெரியப்பா செத்துப்போனதை நான் சொல்லிவிட்டதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

ஏழரைக்கு ரிங் கொடுங்கள், கதை பார்க்காவிட்டாலும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் கொடுத்தார். பிறகு மறந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் ஏழரை மணியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

என் இல்லத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். பஸ் ஓட்டியவர். தினமும் வினாவிடை நிகழ்ச்சிக்கு முன்பு நாற்காலியை டீவிப் பக்கம் திருப்பிவிடச் சொல்வார். ஒரு நாள் அந்த நிகழ்ச்சிக்குப் பதிலாகக் கால்பந்து போட்டார்கள். மனிதர் இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை.

நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அனிதாதான் வழி சொன்னாள். கணக்கைத் திறந்து மஞ்சள் பூனையைத் தொட்டால், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் கதையின் படம் வரும். படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. எதுவரை பார்த்திருக்கிறார் என்று அது காட்டும். "கோடு நகர்ந்தா அம்மாயி ஓகே. சிம்பிள்," என்றாள். காலையில் எழுந்ததும் சிலுவை போடுவதற்கு முன் நான் அந்தக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினேன். நேற்று மாமியார் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்; இன்று திரும்பி வந்துவிட்டாள். நல்லது. அம்மா இருக்கிறார்.

4

இந்த மே மாதம் அங்கே அடித்த மழையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைப் பார்த்தவர்கள் நீங்கள். நான் பார்த்தது போனில் வந்த படங்களை மட்டும். மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை என்று ஒவ்வொரு பிரதேசமாகப் பெயர் ஓடியது. நிவித்திகலை, கலவானை, எல்லாம் இருந்தன.

அன்று காலை வேலைக்குப் புறப்படும் முன் அம்மாவைக் கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மஞ்சள் பூனையைத் திறந்தேன். சிவப்புக் கோடு புதிய பாகத்தில் நின்றது. பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தேன். நகர்ந்திருந்தது! அம்மா அந்த நிமிடத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் டீவியைக் கூட்டி வைத்திருப்பார், போன் கேட்டிருக்காது. ஜோசப்பிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வேலைக்கு நடுவில், கழிவறைக்குள் போய் மறுபடியும் பார்த்தேன். அடுத்த பாகத்துக்குப் போயிருந்தது. பிறகு அதற்கு அடுத்ததுக்கு. கோடு நகர நகர எனக்குத் தெம்பு வந்தது. ஆனாலும் அம்மாவின் போன் மட்டும் எடுப்பாரின்றி அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு சத்தமாக வைத்தாலும் ஒரு தடவைகூடவா கேட்காது? அந்தச் சந்தேகம் வந்தபிறகு கை ஓடவில்லை. தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் சுனில் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் லயத்துக்குச் சாமான் கடன் கொடுத்தே கிழவனானவர். தமிழும் தெரியும், ஆனால் அவசரத்தில் சிங்களம்தான் வரும்.

"அம்மா உட நே நங்கி," என்றார். அம்மா மேலே இல்லை. காலையிலேயே லயத்தில் இருந்த எல்லோரையும் இறக்கிச் சிங்களப் பாடசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மேலே போகும் பாதையில் கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

எனக்கு வாய் குழறியது. ஒரு காலத்தில் சந்தியில் பேரம் பேசிய என் சிங்களம், இங்கே பத்து வருடமாக வாயில் வைக்காமல் துருப்பிடித்துக் கிடந்தது. சிங்களம் பாதி, ஆங்கிலம் பாதி, தமிழ் மீதி என்று கத்தினேன். அம்மா டீவி பார்க்கிறார், இப்போது, இந்த நிமிடம் பார்க்கிறார் என்று.

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு மேலாக அவர் குரலை உயர்த்தினார்.

"அப்ப திரும்பிப் போயிட்டாங்களா?" என்றார் தமிழில்.

அதுதான். ஒவ்வொரு சரிவிலும் அகப்படுகிறவர்கள் அப்படித்தான் அகப்படுகிறார்கள். இறங்கிவிட்டு, கோழிக்குத் தீனி போட, அடையாள அட்டை எடுக்க, அடுப்பில் வைத்ததை இறக்க என்று மறுபடியும் ஏறுகிறவர்கள். அம்மாவுக்கு ஐந்து கோழிகள் இருந்தன. டீவிக்குள் ஒரு பூனையும் இருந்தது, மஞ்சள் பூனை.

"நான் ஸ்கூலுக்குப் போயிப் பாக்குறேன். பய வென்ன எப்பா நங்கி," என்றார். பயப்படாதே என்கிறார். எங்கே போவேன் பயப்படாமல் இருக்க!

அதுவரை நகர வேண்டும், நகர வேண்டும் என்று வேண்டிய கோட்டைப் பார்த்து, நின்றுவிடு என்று வேண்டினேன். மாதாவே, அது நிற்கட்டும். அம்மா டீவியை நிறுத்திவிட்டுப் படியிறங்கட்டும். போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமியார் பேசிக்கொண்டே இருந்திருப்பாள். கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

நின்றதும் அம்மாவின் போனை அடித்தேன். ரிங் போகவில்லை. நீங்கள் அழைத்தவரை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள்.

5

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. ஒருவருக்குக் கஞ்சி ஊட்டினேன். கட்டில் விரிப்புகள் மாற்றினேன். மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போ என்றாள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? சுனில் அண்ணனின் போனும் கிடைக்கவில்லை. பூனையைத் திறந்து திறந்து கோட்டைப் பார்த்தேன். அதே இடம். மருமகள் வாசலைத் திறக்கக் கை நீட்டியபடி நின்றாள்.

இடைவேளை நேரம் வந்தது. பழக்கத்தில் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். டீவியும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. கும்பிட்டுக்கொண்டுகூட இருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று மணி கொஞ்சம் தாண்டியது. போன் அடித்தது. தெரியாத இலக்கம், ஆனால் இலங்கை. ஒரே ஒரு ரிங். வெட்டுப்பட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எடுக்கக் கூடாது, திரும்பக் கூப்பிடவும் கூடாது என்பது சட்டம். சட்டமாவது மண்ணாவது! கூப்பிட்டேன்.

"எந்நேரம் பாத்துக் கூப்புடுறா பாரு," என்று அம்மாவின் குரல் யாரிடமோ சொன்னது. பிறகு என்னிடம், "ஒரு ரிங்தானே குடுத்தேன்? சுகமாத்தான் இருக்கேன். இது மத்தவங்க போனு, வையி."

"அம்மா!" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அழுதேன். அடக்காமல், ஆளைப் பார்க்காமல் அழுதேன்.

அம்மா பாடசாலையில்தான் இருந்தார், காலையிலிருந்து. செய்திக்காக அங்கே மண்டபத்தில் ஓர் ஆன்டனா டீவியை வைத்திருந்தார்களாம். ஏழரை ஆனதும் எங்கள் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்க, பாடசாலை அதிபர் சேனலை மாற்றிவிட்டாராம். சிங்களப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்களாம். முதல் விளம்பரம் வந்ததும் அம்மா பக்கத்திலிருந்தவளின் போனைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கம் என்னுடையது ஒன்றுதான்.

"காலையில இருந்து ஏம்மா குடுக்கல?"

"காலையிலயா? வெளம்பரத்துக்குத்தானே நீ பாத்துக்கிட்டு இருப்ப?"

"அப்ப வீட்டுல டீவி பாத்தது யாரு?"

"யாரும் பாக்கல புள்ள. நான்தான் போட்டுட்டு வந்தேன். போன தடவ லயத்த காலி பண்ணி எறக்குனப்ப, வெறும் வீடுன்னு தெரிஞ்சி களவாணிப் பய பூந்துட்டான் இல்ல? அதான், ஆளு இருக்கிற மாதிரி சத்தம் கேக்கட்டும்னு டீவிய ஓட விட்டுட்டு வந்தேன். போனையும் அவசரத்துல அங்கயே வச்சிட்டேன்."

ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் என்று அனிதா அமைத்துக் கொடுத்திருந்தாள். ஆளில்லாத வீட்டில் மாமியாரும் மருமகள்களும் பகல் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

"களவாணிக்கு வச்சேன், நீ மாட்டிக்கிட்ட," என்றார் அம்மா. சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு புள்ள. அவ்வளவு நேரம் ஓடுதே, சூடேறிப் போயிருமேன்னு, போயி நிப்பாட்டிட்டு வந்துருவோம்னு கொடையோட கெளம்பிட்டேன். கயித்துக்கிட்ட சுனில் மாத்தயா புடிச்சிக்கிட்டாரு. ஒன்னைய தேடி மக கூப்புட்டுச்சி, எங்க போறன்னு சத்தம் போட்டு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. ஸ்கூலுக்கு வந்து ஒக்காந்தோம். மேல சத்தம் கேட்டுச்சி."

"என்ன சத்தம்?"

"மேடுதான். பின்பக்கம் எறங்கிருச்சி. நம்ம காம்பரா இல்ல இப்ப."

அப்போதுதான் கோடு நின்றிருக்கிறது.

விளம்பரம் முடிந்துவிட்டது என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

6

இப்போது மேல் டிவிஷன் குடும்பங்களைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கிறார்கள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம். தற்காலிகம் என்கிறார்கள். அதற்குப் பின்னாலும் ஒரு மேடு இருக்கிறது. படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய டீவி, ஓர் ஆன்டனா. நினைத்ததை நினைத்த நேரத்தில் போட முடியாது. ஏழரைக்குக் கதை, அதற்கு நடுவில் விளம்பரம். புது டீவி வாங்கித் தரட்டுமா என்று ஜோசப் கேட்டார். வேண்டாம் என்றேன். என் பயத்துக்காக அம்மாவின் வசதியைக் கெடுக்கிறேனோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

மஞ்சள் பூனையை அழித்துவிடவா என்று அனிதா கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றேன். மருமகள் இன்னும் வாசலைத் திறக்கவில்லை.

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. இன்று எனக்கு வேலையில்லை. உரிமக் கடிதத்துக்கு ஆம் என்று பதில் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு வரவேற்பறையில் டீவியைப் போட்டேன். அங்கே மழை என்று போன் காட்டியது. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. அனிதா கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதையைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த என் போனைப் பார்த்தாள்.

"விளம்பரம் வந்திருச்சா?"

"இன்னும் இல்ல."

உலகம் முழுக்க விளம்பரத்தைத் தாண்டப் பணம் கட்டுகிறது. என் மகள் அதற்காகக் காத்திருந்தாள். சவர்க்காரம் வந்தது. பிஸ்கட் வந்தது. நகைக்கடை வந்தது.

போன் அடித்தது. அனிதாவின் கை பாய்ந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டேன். ரிங் வெட்டுப்பட்டது. அவள் கையை நான் விடவில்லை. இன்னொரு ரிங் வருகிறதா என்று, திரையில் ஒரு பெண் வளையல் போட்டுக் காட்டிக்கொண்டிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

கதை மறுபடியும் ஆரம்பித்தது. ரிங் ஒன்றோடு நின்றுவிட்டது.

"அம்மாயி ஓகே," என்றாள் அனிதா. "இன்னைக்கு," என்று நான் நினைத்தேன்.